ஊர்மலை வரையும் தம்பிக்கு



பிறந்த ஊரின் மலையை ஓவியமாக்க முற்படுவோருக்கு நேரும் முதல் இடர், அம்மலையின் மீது அவர்கள் கொண்டிருக்கும் பற்றே ஆகும். பிள்ளைப் பருவம் முதல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும் ஒன்றை மனிதர் நாளடைவில் பார்ப்பதை நிறுத்திவிடுகின்றனர். அதைப் பற்றிய நினைவும் பெருமிதமும் அதன் இடத்தில் வந்து அமர்ந்துகொள்கின்றன. தூரிகையை எடுத்ததும் மலைக்குப் பதிலாக அந்த நினைவே கேன்வாஸில் இறங்குகிறது. எவ்வளவு முயன்றும் ஊர்மலை நாள்காட்டிப் படமாகவே முடிந்துவிடுகிறது என்று தம்பி வருந்தி எழுதியிருப்பதற்கும், இதை விட்டுவிட்டு இமயத்தின் பக்கம் போய்விடலாமா என்று கேட்டிருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும். இக்கேள்விக்கு விடை தேடுவோர் அணுகத்தக்க முதன்மையான சான்று, தெற்குப் பிரான்சில் ஒரே மலையைப் பல பதிற்றாண்டுகள் வரைந்த பால் செசானின் (1839–1906) வாழ்வும் தொழிலும் ஆகும். அவருடைய ஓவியங்களின் அச்சுப்படிகளைத் தம்பி பார்த்திருக்கக்கூடும். அம்மலையோடு அவர் கொண்டிருந்த உறவு எத்தகையது என்பதையே இம்மடல் விரிவாக எடுத்துரைக்க விழைகிறது.

செசான் பிறந்த எக்ஸ் ஆன் புரோவான்ஸ், பழைய புரோவான்ஸ் நாட்டின் தலைநகராக விளங்கிய ஊர். அதன் கிழக்கே சேன்த் விக்துவார் என்னும் சுண்ணாம்புக்கல் மலை நிற்கிறது. ஊரிலிருந்து பார்ப்போர் கண்ணுக்கு அது தனித்து எழுந்த முக்கோணச் சிகரமாகத் தோன்றும். உண்மையில் அது கிழக்கு மேற்காக ஏறத்தாழ 18 கிலோமீட்டர் நீண்டு கிடக்கும் மலைமுகடு. அந்த நீண்ட முகட்டின் மேற்கு முனையை எதிரில் வைத்துப் பார்ப்பதால்தான் ஊராருக்கு அது கூம்பாகத் தெரிகிறது. மலையின் தென்புறமாகச் செல்லும் லெ தொலொனே சாலையில் நடந்து சென்றால் கூம்பு மெல்லக் கலைந்து நெடிய பாறைமதிலாக விரியும். வடபுறமோ தென்புறத்தைப் போலச் செங்குத்தாக இராமல் தணிந்து சரியும். மலையின் மிக உயர்ந்த இடம் 1,011 மீட்டர். அது கிழக்குப் பகுதியில் இருக்கிறது. ஊரார் உச்சி என்று காண்பது 946 மீட்டர் உயரமுள்ள மேற்குச் சிகரத்தையே. பாறை வெளிர்நிறமானதால் வானத்தின் நிறம் மாறும்போதெல்லாம் மலையும் மாறும்: காலையில் நீலச்சாம்பல், நடுப்பகலில் கண் கூசும் வெண்மை, மாலையில் இளஞ்சிவப்பும் ஊதாவும். வடமேற்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரால் என்னும் உலர்ந்த கடுங்காற்று வானைத் துடைத்துவிட்ட நாள்களில், தொலைவில் உள்ள மடிப்புகளும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பன போல் தெளிவாகத் தெரியும். அடிவாரத்தில் செம்மண், அதில் டைனோசர் முட்டைகளின் படிவங்கள் கிடைத்துள்ளன.

இவற்றையெல்லாம் விரித்துரைப்பதற்குக் காரணம் உண்டு. மலையோடு ஆன்ம உறவு என்று பேசத் தொடங்குவோர் பலர், மலை எதனால் ஆனது, எந்தப் பக்கம் எப்படிச் சரிகிறது, அதன் மீது மழை எங்கே வழிந்து எங்கே தங்குகிறது என்பவற்றை அறிய வேண்டிய கடமையிலிருந்து தாமே விலகிக்கொள்கின்றனர். செசான் அவ்வாறு விலகவில்லை. அவருடைய இளமை நண்பர்களுள் ஒருவரான ஃபோர்ட்டுனே மாரியோன், பிற்காலத்தில் மார்செய் நகர இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இயக்குநரானவர்; எக்ஸைச் சுற்றியுள்ள நிலத்தின் பாறையடுக்குகளை ஆராய்ந்தவர். செசானின் குறிப்பேடு ஒன்றில் மாரியோன் வரைந்த நிலவியல் படங்கள் காணப்படுவதை ஆய்வாளர் சுட்டியுள்ளனர். மலையைத் தோலாக மட்டும் காணாமல் எலும்போடு காணும் பழக்கம் செசானுக்கு இவ்வழியிலும் வந்திருக்கக்கூடும். பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற எமில் ஸோலாவோடும் பத்தீஸ்தேன் பாய் என்னும் பள்ளித் தோழரோடும் அவர் இம்மலைப் பக்கமும் ஆர்க் ஆற்றங்கரையிலும் சுற்றித் திரிந்த நாள்களைப் பற்றி வரலாற்றாசிரியர் நிறைய எழுதியிருக்கின்றனர். அந்த நினைவுகள் இனியவைதாம். ஆயினும் இனிய நினைவுகள் உடைய எல்லோரும் ஓவியர் ஆகிவிடுவதில்லை என்பதால் அவற்றைக் கடந்து செல்வதே இங்கு நலம்.

ஊரை விட்டுப் போகலாமா என்னும் தம்பியின் கேள்விக்குச் செசானின் வாழ்வு தரும் விடை, போகலாம் என்பதே ஆகும். அவர் 1861-இல் பாரிசுக்குச் சென்றார். அங்குள்ள அரசுக் கலைக்கல்லூரி அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மனமுடைந்து ஊர் திரும்பித் தந்தையின் வங்கியில் சில காலம் அமர்ந்துவிட்டு, மறுபடியும் பாரிசுக்கே போனார். அதன்பின் பாரிசுக்கும் ஊருக்குமாக அவர் போய் வந்துகொண்டே இருந்தார். 1870-ஐ ஒட்டி அவர் வரைந்த, இன்று மியூனிக் நகரில் இருக்கும் ஓவியமொன்றில் இம்மலை தென்படுகிறது. ஆனால் அதில் கண்ணை இழுப்பது இருப்புப்பாதைக்காக வெட்டப்பட்ட மண்மேடுதான், மலை பின்னால் ஓர் ஓரத்தில் நிற்கிறது. அவரை மலைக்கு அருகே கொண்டு சேர்த்தவர், வியப்பாகத் தோன்றினும், வடக்கே வாழ்ந்த ஓவியர் கமீல் பிஸாரோ. 1872 முதல் பொன்த்துவாஸ், ஓவேர் ஆகிய ஊர்களில் பிஸாரோவின் அருகிருந்து செசான் வெட்டவெளியில் வரையக் கற்றார்; கருமையும் பழுப்புமாக அப்பப்பட்டிருந்த அவருடைய வண்ணத்தட்டு அப்போதுதான் வெளுத்தது. வேற்றூரில் வேற்றொருவரிடம் கற்ற பார்வையோடு திரும்பியபோதுதான் சொந்த ஊரின் நிலம் அவருக்குப் புலப்பட்டது.

திரும்பியவர் கற்றதை அப்படியே பொருத்திவிடவும் இல்லை. பிஸாரோ பின்பற்றிய, மனப்பதிவுவாதம் என்று தமிழில் குறிப்பிடப்படும் இம்ப்ரெஷனிஸ முறை, கணத்தில் தோன்றி மறையும் ஒளியைத் துரிதமாகப் பிடிக்க முனைவது. ஈரமும் மூடுபனியும் மிகுந்த வடபிரான்சின் வானுக்கு அது இயல்பாகப் பொருந்தியது. 1876 கோடையில் கடலோர ஊரான லெஸ்தாக்கிலிருந்து பிஸாரோவுக்கு எழுதிய கடிதத்தில் செசான் இரண்டு செய்திகளைக் குறிப்பிடுகிறார். அங்குள்ள ஆலிவ் மரங்களும் பைன் மரங்களும் இலையுதிர்ப்பன அல்ல என்பதால் ஒரே காட்சியை மூன்று நான்கு மாதங்கள் தொடர்ந்து வரைய முடியும் என்பது ஒன்று. வெயில் கடுமையாக இருப்பதால் பொருள்கள் யாவும் சீட்டுக்கட்டின் உருவங்களைப் போலத் தட்டையான நிழலுருக்களாகத் தெரிகின்றன என்றும், அந்நிழலுருக்கள் கருப்பு வெள்ளையில் மட்டுமன்றி நீலத்திலும் சிவப்பிலும் பழுப்பிலும் ஊதாவிலும் அமைகின்றன என்றும் கூறுவது மற்றொன்று. இவ்விரண்டையும் தம்பி ஊன்றிப் படிக்க வேண்டும். தம் ஊரின் மரம் எது, வெயில் எத்தகையது என்று கேட்டு, அவற்றிலிருந்து தம் வேலையின் வேகத்தை அவர் வகுத்துக்கொண்டார். விரைவுக்குப் பெயர்பெற்ற ஒரு முறையிலிருந்து, மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் முறை அவ்வாறுதான் பிறந்தது. ஊர்ப்பற்று என்று சொல்லத்தக்கது இதுவே. ஊரின் நிலமும் பருவமும் ஓவியரின் கைப்பழக்கத்தையே மாற்றும் அளவுக்கு அவற்றுக்கு இடங்கொடுத்தல்.

1880-களில், தங்கை குடும்பத்தாருக்கு உரிமையான பெல்வ்யூ என்னும் பண்ணைப் பக்கமிருந்து அவர் ஆர்க் பள்ளத்தாக்கையும் மலையையும் பலமுறை வரைந்தார். அவ்வரிசையில் ஒன்று, லண்டன் கோர்ட்டோல்ட் காட்சிக்கூடத்தில் உள்ள, பெரிய பைன் மரத்தோடு கூடிய சேன்த் விக்துவார் ஓவியம் (ஏறத்தாழ 1887). இதைத் தம்பி நல்ல அச்சுப்படியில் அருகே வைத்துப் பார்க்க வேண்டும். இடப்புறம் ஒரு பைன் மரத்தின் அடிமரம். அதன் கிளைகள் ஓவியத்தின் மேற்பகுதி முழுவதும் பரந்து, கீழே தொலைவில் இருக்கும் மலையின் விளிம்புக்கோட்டை அப்படியே பின்தொடர்ந்து வளைகின்றன. சில அடி தூரத்தில் உள்ள கிளையும் பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலையும் ஒரே கோட்டின் ஏற்ற இறக்கத்துக்கு உட்படுவதால், இடைப்பட்ட பள்ளத்தாக்கின் வெளி சுருங்காமலே அவை ஒன்றோடொன்று பேசத் தொடங்கிவிடுகின்றன. பள்ளத்தாக்கில் வயல்களின் மஞ்சளும் பச்சையும் அடுக்கடுக்காக மலையை நோக்கி நகர, வலப்புறம் இருப்புப்பாதைப் பாலத்தின் வளைவுகள் தெரிகின்றன. அக்காலத்துக்கு அது புதிய பொறியியல் வேலை. பழமையின் அழகு கெடும் என்று எண்ணி அதை அவர் மறைத்துவிடவில்லை.

இவ்விடத்தில் தம்பியின் ஓவியங்களைப் பற்றிய ஒரு கருத்தைச் சொல்லியாக வேண்டும். தம்பியின் ஊர்மலையில் ஒருபுறம் கல்குவாரியால் வெட்டுண்டு கிடப்பது ஊரறிந்த செய்தி. அனுப்பப்பட்ட ஓவியங்கள் எதிலும் அந்த வெட்டு இல்லை. மலையின் மீதுள்ள அன்பினால் அது விடப்பட்டது என்பது விளங்குகிறது. ஆயினும் அவ்வாறு விட்டதனாலேயே மலை மலையாக இல்லாமல் ஏக்கமாகிவிட்டது. எக்ஸுக்குக் கிழக்கே பிபேமுஸ் என்னும் இடத்தில் பழைய கற்சுரங்கங்கள் உண்டு. அந்நகரத்து மாளிகைகளின் மஞ்சள் நிற மணற்கல் அங்கிருந்துதான் வெட்டி எடுக்கப்பட்டது. 1895 முதல் அங்கே ஒரு சிறு குடிலை வாடகைக்கு எடுத்துக்கொண்டு செசான் சில ஆண்டுகள் வரைந்தார். பால்ட்டிமோர் கலை அருங்காட்சியகத்தில் உள்ள ஓவியத்தில் (ஏறத்தாழ 1897), ஆரஞ்சும் காவியுமாகச் செங்குத்தாக வெட்டப்பட்ட பாறைச்சுவர்கள் முன்னால் நிற்க, அவற்றின் மேல் நீலச்சாம்பல் மலை எழுகிறது. பள்ளத்தாக்கின் இடைவெளி அங்கே மறைந்துவிடுவதால் மலை சுரங்கத்தின் மேலேயே ஏறி நிற்பது போன்ற நெருக்கம் உண்டாகிறது. மனிதர் உளியால் வெட்டிய கோணங்களும் காலம் செதுக்கிய முகடும் ஒரே சட்டத்தில் அடங்குகின்றன. அங்கே வேலை பெரும்பாலும் ஓய்ந்து மரங்கள் முளைத்துவிட்டிருந்தன. தம்பியின் ஊரிலோ வெடிச்சத்தம் இன்னும் ஓயவில்லை. எனவே இரண்டும் ஒன்றென்று கூறுவது பொருந்தாது. வெட்டுண்ட மலையை வெட்டுண்டதாகவே வரைவதற்கு வேண்டிய துணிவுக்கு அது ஒரு முன்னோடி என்ற அளவில் கொள்க.

ஆன்ம உறவு என்பதைப் பற்றித் தம்பி கேட்டிருப்பதற்கு இனி வரலாம். சேன்த் விக்துவார் மலை சமயத் தொடர்பு அற்றது அன்று. மேற்குச் சிகரத்தின் அருகே 17-ஆம் நூற்றாண்டில் எழுந்த சிறு துறவிமடமும் தேவாலயமும் உள்ளன. மக்கள் வழிபாட்டுக்காக மலையேறிச் சென்றுள்ளனர். 1870-களில் அச்சிகரத்தின் மேல், கல்பீடத்தின் மீது உயர்ந்த இரும்புச் சிலுவை ஒன்று நிறுவப்பட்டது. செசான் பிற்காலத்தில் தவறாமல் தேவாலயத்துக்குச் சென்று வழிபட்ட கத்தோலிக்கர். அத்தகையவர், சிலுவை நாட்டப்பட்டபின் அச்சிகரத்தை எத்தனையோ முறை வரைந்தும், இன்று அறியப்பட்டுள்ள அவருடைய மலை ஓவியங்களில் அச்சிலுவை இடம்பெறவில்லை. ஊரிலிருந்து பார்த்தால் அது மெல்லிய கீற்றாகவே தெரியும் என்பது உண்மைதான். ஆனால் மலைக்குப் புனிதம் சேர்க்க விரும்பும் ஓவியர் எவரும் அக்கீற்றை விட்டுவைக்கமாட்டார். இறைநம்பிக்கை உடையவர் இறைச்சின்னத்தை விட்டது ஏன் என்பதற்கு அவருடைய கடிதம் ஒன்றே சிறந்த விளக்கமாக அமைகிறது.

அது 1904 ஏப்ரல் 15-இல் எமில் பெர்னார் என்னும் இளைய ஓவியருக்கு எழுதப்பட்டது. செசானுக்கு அப்போது 65 வயது; பெர்னாருக்கு 35. இயற்கையை உருளை, கோளம், கூம்பு ஆகியவற்றைக் கொண்டு கையாள வேண்டும் என்று அதில் வரும் அறிவுரையைக் கலைப் பள்ளிகள் எல்லாம் ஓதுகின்றன; தம்பியும் ஓதியிருப்பார். அதை அடுத்து வருவதைப் பெரும்பாலோர் படிப்பதில்லை. அடிவானத்துக்கு இணையாகச் செல்லும் கோடுகள் பரப்பைத் தருகின்றன என்றும், எல்லாம் வல்ல தந்தையாகிய நித்திய இறைவன் நம் கண்முன் விரித்து வைத்திருக்கும் காட்சியின் ஒரு பகுதியே அப்பரப்பு என்றும் செசான் கூறுகிறார்; இறைவனைச் சுட்டுமிடத்தில் வழிபாட்டு மொழியாகிய லத்தீனுக்கு மாறிவிடுகிறார். அடிவானத்துக்குச் செங்குத்தான கோடுகள் ஆழத்தைத் தருகின்றன என்றும், இயற்கை மனிதருக்கு மேற்பரப்பைவிட ஆழமாகவே புலப்படுகிறது என்றும் தொடர்கிறார். ஆகவே, சிவப்பும் மஞ்சளுமாக அதிரும் ஒளிக்கிடையே காற்றை உணர்த்துமளவுக்கு நீலத்தைச் சேர்க்க வேண்டும் என்று முடிக்கிறார். தேவாலயத்தில் சொல்லப்படும் இறைப்பெயரும், அடிவானக் கோட்டின் இயல்பும், நீல வண்ணத்தின் அளவும் இடைவெளியின்றி அடுத்தடுத்து வருகின்றன. இவற்றை அவர் தனித்தனியாகக் கருதவில்லை. கண்முன் விரிந்திருப்பது அருளப்பட்டதென்றால், அதை வழுவாமல் பார்ப்பதே ஓவியருக்கு உரிய வழிபாடு. அதன் மேல் ஓர் அடையாளத்தை நட்டு வைக்கத் தேவை எழவில்லை. நீலம் கூடினாலும் குறைந்தாலும் அவருக்கு அது மனச்சான்றைத் தொடும் பிழையாகவே இருந்தது.

மலையின் உச்சியில் சூரியக்கதிர்களை விரித்தும், முகில்களுக்கிடையே கோபுரத்தைத் தீட்டியும், அடிவாரத்தில் கைகூப்பிய உருவத்தை நிறுத்தியும் பார்ப்போரிடம் பக்தியைத் தூண்டும் வழியைத் தம்பி சில ஓவியங்களில் முயன்றிருக்கிறார். அவ்வழி தவறு என்று யாரும் தடுக்க முடியாது. கோயில் சுவர்களிலும் நாள்காட்டிகளிலும் அதற்கென்று ஒரு மரபும் இடமும் உண்டு. ஆனால் தம்பி தேடுவது அதுவன்று என்பது கடிதத்தின் வருத்தத்திலிருந்தே தெரிகிறது.

செசானின் மலை முதிர்ந்த இடம் லோவ் என்னும் குன்று. 1897-இல் தாயார் மறைந்தபின் குடும்ப மாளிகை 1899-இல் விற்கப்பட்டது. 1901 நவம்பரில் எக்ஸுக்கு வடக்கே அக்குன்றின் சரிவில் நிலம் வாங்கி ஓவியக்கூடம் கட்டத் தொடங்கினார். 1902 செப்டம்பரில் அது முடிந்தது. அங்கிருந்து மேலே சற்று நடந்தால் பள்ளத்தாக்கின் அப்பால் மலை முழுமையாகத் தெரியும். அந்த ஒரே பக்கத்திலிருந்து, இறக்கும் வரையிலான நான்கு ஆண்டுகளில் பத்துக்கும் மேற்பட்ட தைலவண்ண ஓவியங்களையும் பல நீர்வண்ண ஓவியங்களையும் அவர் தீட்டினார். பிலடெல்பியா, சூரிக், பாசல் ஆகிய நகரங்களின் அருங்காட்சியகங்களில் அவற்றுள் சில இருக்கின்றன. கீழே ஊதாவும் பச்சையும் காவியுமாகச் சமவெளி, நடுவே சில கூரைகளின் செம்மஞ்சள், மேலே மலை, அதன்மேல் வானம். தூரிகைத் தடங்கள் சிறு சிறு சதுரத் திட்டுகளாக அமைந்து, எங்கும் எல்லைக்கோடு இறுகி நிற்பதில்லை. சமவெளியின் பச்சை வானத்திலும் திட்டுத்திட்டாக ஏறியிருக்கிறது. வானத்தின் நீலம் மலையின் மடிப்புகளுக்குள் இறங்கியிருக்கிறது. ஒளி நிழலைக் கருமை கூட்டிக் காட்டும் பழைய முறையைக் கைவிட்டு, ஒரு நிறத்திலிருந்து அதற்கு அடுத்த நிறத்துக்குப் படிப்படியாக நகர்வதன் மூலமே வடிவத்தின் திரட்சியைக் காட்டும் இம்முறையை, இசையில் சுருதி மாறுவதைக் குறிக்கும் சொல்லால் 'மாடுலேஷன்' என்று அவர் அழைத்தார். ஆங்காங்கே கேன்வாஸின் வெறும் துணி வண்ணமின்றித் தெரியும். நீர்வண்ணத் தாள்களில் இது இன்னும் மிகுதி: விட்டுவிட்டுச் செல்லும் பென்சில் கோடுகள், அவற்றின் மேல் காய்ந்த பிறகே அடுத்தடுத்துப் பூசப்பட்ட மெல்லிய நீலமும் பச்சையும், வெயிலேறிய சுண்ணாம்புப் பாறைக்கு வெற்றுத்தாளின் வெண்மை.

அறிஞர்களான எர்ல் லோரனும் ஜான் ரீவால்டும் அவர் நின்று வரைந்த இடங்களைத் தேடிச் சென்று ஒளிப்படம் எடுத்து ஒப்பிட்டனர். ஒளிப்படங்களில் மலை தொலைவில் சிறுத்துத் தெரிகிறது. ஓவியங்களிலோ அருகில் வந்து உயர்ந்து நிற்கிறது. இதைக் கண்டு, உணர்ச்சிவயப்பட்டு மலையைப் பெரிதாக்கிவிட்டார் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒளிப்படக் கருவி ஒரு கண்ணால் ஒரு கணம் பார்க்கிறது. மனிதரோ தாம் அக்கறை கொண்ட பொருளின் மீது பார்வையை மீண்டும் மீண்டும் நிறுத்திப் பார்க்கின்றனர். அப்படிப் பார்க்கும்போது அது பெரிதாகவே புலப்படுகிறது. மெர்லோ போந்தி என்னும் பிரெஞ்சு மெய்யியலாளர் செசானைப் பற்றி 1945-இல் எழுதிய கட்டுரையில், வாழ்ந்து உணரும் பார்வையின் வடிவியல் கருவியின் வடிவியலிலிருந்து வேறுபடுவதை விளக்கியிருக்கிறார். கைப்பேசியில் படம் எடுத்துவைத்துக்கொண்டு அறையில் அமர்ந்து மலையை வரையும் வழக்கத்தைத் தம்பி விட வேண்டியது இதனாலேயே. அப்படத்தில் மலை ஏற்கெனவே சிறுத்துவிட்டது. தம்பியின் கண் அதை வளர்த்தெடுக்க வழியில்லை.

செசானைப் பற்றிப் படிக்கும்போது தம்பி ஓர் எச்சரிக்கையைக் கைக்கொள்ள வேண்டும். ஜோஆகிம் காஸ்கே என்னும் இளங்கவிஞர், 1890-களின் நடுவில் அவரோடு பழகியவர். மேலே கூறிய பெரிய பைன் ஓவியத்தை வியந்து போற்றியதற்காகச் செசான் அதில் கையொப்பமிட்டு அவருக்கே அளித்துவிட்டார். பொதுவாகத் தம் ஓவியங்களில் கையொப்பமிடாத மனிதர், ஓர் இளைஞரின் மெய்யான பாராட்டுக்கு எவ்வளவு ஏங்கியிருந்தார் என்பதை இது காட்டுகிறது. காஸ்கே எழுதிய நூல் 1921-இல், செசான் மறைந்து 15 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. மலையைப் பற்றிச் செசான் பேசியதாகப் பரவியிருக்கும் உருக்கமான நீண்ட பேச்சுகள் பலவும் அதிலிருந்து வந்தவை. அவற்றில் ஓவியர் எவ்வளவு, கவிஞர் எவ்வளவு என்று பிரித்தறிவது கடினம் என்பதே அறிஞர் கருத்து. அப்பேச்சுகள் அழகானவை, தம்பி அவற்றை நோட்டில் எழுதி வைத்திருந்தாலும் வியப்பில்லை. ஆனால் பெர்னாருக்கும், எக்ஸில் இராணுவப் பணி புரிந்தபோது அறிமுகமான இளைய ஓவியர் ஷார்ல் காமுவானுக்கும், மகனுக்கும் அவரே எழுதிய கடிதங்களில் உருக்கம் குறைவு, தொழில் மிகுதி. அவற்றையே நம்ப வேண்டும்.

1906 செப்டம்பர் 8-இல் மகனுக்கு எழுதிய கடிதம் இதற்கு நல்ல சான்று. இயற்கையின் முன் தம் பார்வை தெளிவடைந்துகொண்டே வருகிறது என்றும், ஆனால் புலன்கள் உணர்வதை முழுமையாக ஓவியத்தில் நிறைவேற்றுவது எப்போதும் வேதனையாகவே இருக்கிறது என்றும் அதில் கூறுகிறார். பின்னர், தாம் வரையும் ஆற்றங்கரையில் வரைபொருள்கள் பெருகிக்கொண்டே போகின்றன என்றும், இடம் மாறாமல் சற்று வலப்பக்கமோ இடப்பக்கமோ சாய்ந்து பார்த்தாலே மாதக்கணக்கில் வேலை செய்யலாம் என்றும் எழுதுகிறார். இமயத்துக்குப் போகலாமா என்ற கேள்வியைத் தம்பி இக்கருத்தின் அருகே வைத்துப் பார்க்கட்டும். அறுபத்தேழு வயதில், நீரிழிவால் உடல் தளர்ந்து, வெயிலில் தலை கனத்து வருந்திய ஒருவருக்கு, கழுத்தைச் சாய்க்கும் அளவே புதிய நிலத்துக்கான பயணமாக இருந்தது. அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள் வெட்டவெளியில் வரைந்துகொண்டிருந்தபோது இடிமழையில் சிக்கி மயங்கி விழுந்தார். சலவைக்காரர் வண்டி ஒன்றில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தனர். மறுநாள் காலையே எழுந்து, தோட்டக்காரர் வாலியேயின் உருவப்படத்தைத் தொடர ஓவியக்கூடத்துத் தோட்டத்துக்குப் போனார். ஏறத்தாழ ஒரு வாரத்தில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். வரைந்துகொண்டே சாவது என்று உறுதி பூண்டிருப்பதாக அதற்கு முந்தைய மாதம்தான் பெர்னாருக்கு எழுதியிருந்தார்.

ஊர் மதிக்குமா என்று தம்பி கேட்டிருப்பதற்கு நேரான விடை வேண்டுமென்றால், மதிக்காமல் போகலாம். செசான் வாழ்ந்த காலத்தில் எக்ஸ் நகர அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர், தாம் உயிரோடிருக்கும் வரை செசானின் ஓவியம் உள்ளே வராது என்றிருந்தார். 1984-இல் பிரெஞ்சு அரசு தன் சேகரிப்பிலிருந்து எட்டு ஓவியங்களை வைப்பாக அளித்த பின்னரே அங்கே அவருடைய தைலவண்ணப் படைப்புகள் சொல்லத்தக்க அளவில் வந்தன. ஊரின் மலையை உலகம் அறிந்தது. ஊருக்கு அந்த மலை ஓவியங்களில் சிலவற்றைக்கூட வைத்துக்கொள்ள வாய்க்கவில்லை. 1989 ஆகஸ்டில் மூண்ட பெருந்தீயில் அம்மலைப் பகுதியில் ஏறத்தாழ 5,000 ஹெக்டேர் காடு எரிந்தபோது, அம்மலையின் பழைய தோற்றத்துக்கு அவ்வோவியங்களும் சாட்சியாயின. தம்பியின் ஊர்மலைக்கும் இத்தகைய சாட்சி தேவைப்படும் நாள் தொலைவில் இல்லை. குவாரியின் வேகம் அப்படி.

எனவே தம்பி செய்யத்தக்கது இதுதான். பெரிய கேன்வாஸையும் தைலவண்ணத்தையும் இப்போதைக்கு ஒதுக்கிவைத்துவிட்டு, தடித்த நீர்வண்ணத் தாளும் பென்சிலும் நான்கைந்து வண்ணங்களும் மட்டும் எடுத்துக்கொண்டு, வெட்டுண்ட பக்கமும் வெட்டுப்படாத பக்கமும் சேர்ந்து தெரியும் ஓரிடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஊர்ப் பள்ளியின் மொட்டைமாடியோ ஏரிக்கரையோ எதுவாயினும், நிழல் இருக்கும் இடமாகப் பார்த்துக்கொள்வது உடம்புக்கு நல்லது. ஆடிக்காற்றில் தூசு பறக்கும் நாள்களிலிருந்து மார்கழிப் பனி வரை அந்த இடத்தை மாற்றாமல், நாளுக்கு ஒரு தாளாக வரைந்து வரட்டும். குவாரித் தூசு மலையின் நிறத்தை எந்த நேரத்தில் எப்படி மாற்றுகிறது, வெட்டிய பாறையின் பச்சை முகத்துக்கும் மழையில் கறுத்த பழைய முகத்துக்கும் இடையே எத்தனை நிறங்கள் உள்ளன என்பதை முதல் மாதத்தில் கவனித்தாலே போதும். பார்த்து உறுதிசெய்யாத இடத்தை நினைவிலிருந்து நிரப்பிவிடாமல் தாளை வெறுமையாகவே விட்டுவிட வேண்டும். தைப் பொங்கலுக்குள் அத்தாள்களில் தேறியவை, தேறாதவை என்று பிரிக்காமல் எல்லாவற்றையும் தேதி எழுதி வரிசையாகக் கட்டி அனுப்பினால், எந்தத் தாளில் தம்பி மலையைப் பார்க்கத் தொடங்கியிருக்கிறார் என்பதை இருவரும் சேர்ந்து தேடலாம்.

அன்புடனும் நம்பிக்கையுடனும்.